ஆஸ்கர் என்று கூப்பிட்டால் வராது

அந்த நாய்க்குக் காது கேட்குமான்னா கேட்கறீங்க? இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்தீங்க?

உக்காருங்க. உள்ளே வேண்டாங்க, இப்படி வாசப்படியிலேயே உக்காருங்க. எங்க வீட்டுக்காரர் உள்ளே படுத்திருக்கார். இன்னைக்குக் கரண்ட் இல்லை. மாசம் ஒரு நாள் இப்படித்தான், கம்பி வேலைன்னு சாயங்காலம் வரைக்கும் நிறுத்திருவாங்க. கரண்ட் இல்லைன்னா பின்னாடி தறி ஷெட் ஓடாது. தறி ஓடலைன்னா இந்த லைன் வீட்டு ஆம்பளைங்க மொத்தப் பேரும் தூங்குவாங்க. அதனால கொஞ்சம் மெதுவாப் பேசலாங்க. எங்க அத்தை வேற மூணாவது வீட்டு வாசல்ல உக்காந்து கீரை ஆஞ்சுட்டிருக்காங்க. பார்வை கீரையில இருக்கும். காது இங்கே இருக்கும்.

இன்னொரு தடவை சொல்லுங்க, எனக்குச் சட்டுன்னு ஏறலை. நாயைக் கொண்டு போன கோயமுத்தூர்க்காரங்க உங்க காப்பகத்துலயே திரும்பக் கொண்டாந்து விட்டுட்டாங்க. சரி. கூப்பிட்டாத் திரும்பறதில்லை, சோறு திங்கறதில்லை, கிட்டப் போனாக் கடிக்குது. உங்க டாக்டர் பின்னாடி நின்னு கை தட்டிப் பார்த்தார், தட்டைத் தட்டிப் பார்த்தார், அசையவே இல்லை. கண்ணும் தெரியாம காதும் கேட்காம கடிக்கிற நாயை வெச்சிருக்கறது அதுக்கே கொடுமை. அதனால சாயங்காலம் ஊசி போட்டு...

புரியுதுங்க. புரியுது. நீங்க முழுசாச் சொல்ல வேண்டாம்.

உங்க மேடம் அனுப்பலை, நீங்களாத்தான் வந்தீங்க. ஊசி போடறதுக்கு முன்னாடி வளர்த்தவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்னு வந்தீங்க. நல்ல மனசுங்க உங்களுக்கு. ஆனா பாருங்க, அந்த ஒரு வார்த்தையை, நாயை எடுத்துட்டுப் போன அன்னைக்கே யாராவது என்கிட்டக் கேட்டிருக்கலாம்.

நான் மேடத்தைத் தப்பாச் சொல்லலை. பெரிய இடம். தறி முதலாளியோட மருமக. வண்டியில அடிபட்ட நாய், குப்பையில போட்ட நாய் எல்லாத்தையும் கொண்டு போய்க் காப்பாத்தறாங்க, எல்லாருக்கும் தெரியும். ஒரு நாள் ஷெட்டுக்கு வந்து, 'கண்ணு தெரியாத நாய் ஒண்ணு இருக்கு, எங்க இடத்துல மத்த நாய்ங்க கடிச்சுக் குதறுது, யாராவது கொஞ்ச நாள் வீட்டுல வெச்சுக்கறீங்களா'ன்னு கேட்டிருக்காங்க. எல்லாரும் தலையைக் குனிஞ்சிருக்காங்க. எங்க வீட்டுக்காரர்தான், 'நான் வெச்சுக்கறேங்க மேடம், எங்க வீட்டுல அவ சும்மாதான் இருக்கா'ன்னு சொல்லிட்டு வந்துட்டார்.

சும்மாதான் இருந்தேன். பாப்பாவுக்கு அப்பத்தான் பால் மறக்கடிச்சிருந்தேன். அதுக்கு வாந்திபேதி வேற. துணியாத் துவைச்சுட்டிருந்தேன்.

அவர் நல்லவருங்க. குடிக்க மாட்டார், சம்பளத்தன்னைக்குத் தவிர. மேடம் முன்னாடி ஒருத்தர் முடியாதுன்னு சொல்ல முடியுமா?

சாக்கில போட்டுக் கொண்டாந்தாங்க. செவலை நாய். ஒரு கண்ணு தைச்சிருந்தது. இன்னொண்ணு வெந்த மீனோட கண்ணு மாதிரி வெள்ளையா இருந்தது. இறக்கி விட்டதும் சுவத்துல முட்டுச்சு. திரும்புச்சு. அந்தப் பக்கத்துச் சுவத்துல முட்டுச்சு. எங்க வீடுதான் தெரியுதில்லீங்க, ரெண்டு எட்டு வெச்சாச் சுவரு. அத்தை வந்து பார்த்தாங்க. 'கண்ணு தெரியாததைக் கொண்டாந்து வெச்சிருக்கான். வீட்டுல ஏற்கெனவே வாய் பேசாதது ஒண்ணு இருக்குது. இனி ஒரு செவிட்டையும் கொண்டாந்து வெச்சான்னா வரிசை சரியாப் போயிரும்'னாங்க. லைன்ல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காம நின்னா அதுக்கொரு பேச்சு வரும்.

வாய் பேசாததுன்னது என்னைத்தானுங்க. என் பேர் தேன்மொழி. 'தேன்மொழின்னு பேரு, வாயைத் தொறந்தா ஈ கூட வராது'ம்பாங்க அத்தை. பொறந்ததிலிருந்தே நான் அப்படித்தான். பள்ளிக்கூடத்துல டீச்சர் கேள்வி கேட்டாத் தெரிஞ்ச பதிலுக்கும் எந்திரிச்சு நின்னு அழுவேன். ஆறாவதோட நின்னுட்டேன்.

இந்த நாய்க்குப் பேசியே ஆகணும்னு மேடம் சொல்லி விட்டிருந்தாங்க. கண்ணு தெரியாதில்லையா, சத்தம் கொடுத்துட்டுத்தான் கிட்டப் போகணும், இல்லைன்னா மிரண்டுக்கும்னு. எனக்கு வாயே வரலை. பூனை மாதிரி நடந்து போய்ச் சோத்தை வெச்சேன். கடிச்சுப் புடிச்சுருச்சு. இந்தா பாருங்க, மணிக்கட்டுல. அவர் வந்து பார்த்துட்டு, 'கூப்பிட்டுட்டுப் போறதுக்கென்ன, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கே'ன்னார். ஊசி போட நானே பஸ் ஏறிப் போயிட்டு வந்தேன்.

கூப்பிடறதுக்கு ஒரு பேர் வேணுமில்லீங்களா. மேடம் வெச்ச பேரு ஆஸ்கர். எனக்கு அது பேராவே தெரியலை. ஏப்பம் விடற மாதிரி இருந்தது. நாய்க்கும் அது பிடிக்கலை. ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் கூப்பிடாமலேதான் இருந்தோம்.

அப்புறம் எப்படிப் பழகுச்சுன்னு கேட்கறீங்களா?

அதைச் சொல்றதா வேண்டாமான்னு இருக்கு. தண்ணி குடிக்கறீங்களா? குடத்தை நான் இன்னும் அதே மூலையிலதான் வெச்சிருக்கேன். அது இருந்தப்ப ஒரு சாமானையும் இடம் மாத்த மாட்டேன். ஸ்டூல் இங்கே, அண்டா அங்கே, சிலிண்டர் மூலையில. அதுக்கு வீடு மனப்பாடம் ஆயிருச்சு. அத்தை வேலைக்குப் போறப்ப வேணும்னே குடத்தை நடுவுல நகர்த்தி வெச்சுட்டுப் போவாங்க. முட்டுதா பார்க்கலாம்னு. நான் ஒண்ணும் சொல்லாம திரும்ப எடுத்து வைப்பேன்.

சொல்லிர்றேன். நீங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது.

எங்க பக்கம் புருசன் பேரைச் சொல்ல மாட்டோங்க. உங்க வயசுப் பொண்ணுங்க டவுன்ல சொல்றாங்க, கேட்டிருக்கேன், கூச்சமா இருக்கும். எங்க அம்மா சொன்னதில்லை. எங்க அத்தை, மாமனார் செத்த அன்னைக்குக்கூடப் பேர் சொல்லி அழலை. சொன்னாப் புருசனுக்கு ஆயுசு குறையும்பாங்க. ரேசன் கடையில கேட்டா நான் கார்டைக் காட்டுவேன், இல்லைன்னா பக்கத்துல நிக்கறவங்க சொல்லுவாங்க. பாப்பா பொறக்கறப்ப ஆஸ்பத்திரியில நர்ஸம்மா, 'புருசன் பேரென்ன, சொல்லும்மா'ன்னு அதட்டறாங்க. எனக்கு வலி உயிர் போகுது. நான் பல்லைக் கடிச்சுட்டுப் படுத்திருக்கேன். அந்த வலியிலயும் சொல்லலைங்க. எங்க அம்மாதான் ஓடி வந்து சொன்னாங்க.

அப்படிப்பட்டவ நான். மனசுல வெச்சுக்கங்க.

எங்க தம்பி தாராபுரத்துல புது வீடு கட்டினான். ஓட்டு வீடுதான், ஆனாப் புதுசு. கிரகப்பிரவேசத்துக்கு விடியக்காலையில கூட்டிட்டுப் போறேன்னு இவர் சொல்லியிருந்தார். நான் இருட்டோட எந்திரிச்சுத் தலைக்குக் குளிச்சு, பட்டுச் சேலை கட்டி, பாப்பாவுக்குப் பூ வெச்சு, இதே படியில உக்காந்திருக்கேன். நீங்க உக்காந்திருக்கிற இடத்துலதான். வெயில் ஏறுது. பூ வாடுது. போனைப் போட்டா எடுக்கலை. சாயங்காலம் வந்தார். 'அட, மறந்தே போயிட்டேன்'னார். சாப்பிட்டார். படுத்துட்டார். நான் சேலையை மடிச்சு வெச்சேன். எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க. மறதி மனுசனுக்கு வர்றதுதானே.

மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க. அவர் தறிக்கு, அத்தை நூல் சுத்த. பின்னாடி ஷெட்டு ஓடுது. தறிச் சத்தம் நீங்க கேட்டதில்லையே? இன்னைக்கு ஓடலை, அதனாலதான் நாம இப்படிப் பேசறோம். ஓடுச்சுன்னா பக்கத்துல நின்னு கத்தினாத்தான் கேட்கும். பாத்திரம் விழுந்தாத் தெரியாது. பாப்பா அழுதா வாயைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவேன். அந்தச் சத்தத்துக்குள்ளே நான் உலை வெச்சுட்டிருக்கேன், இந்த நாய் வந்து தண்ணிக் குடத்தை உருட்டி விட்டுருச்சு. அத்தை நகர்த்தி வெச்சதை நான் கவனிக்கலை. குழாய்த் தண்ணி வந்து நாலு நாளாச்சு, இருந்த ஒரு குடமும் போச்சு.

என் வாயிலிருந்து வந்துருச்சுங்க. 'டேய்...'னு அவர் பேரைச் சொல்லி, 'உனக்குக் கண்ணு தெரியாதாடா!'ன்னு கத்திட்டேன். கண்ணு தெரியாத நாயைப் பார்த்து!

வாசலை எட்டிப் பார்த்தேன். ஒரு ஈ காக்கா இல்லை. தறி அது பாட்டுக்கு ஓடுது. திரும்பிப் பார்க்கறேன், நாய் ரெண்டு காதையும் தூக்கிட்டு நிக்குது. நேரா நடந்து வந்து என் காலடியில நின்னுச்சு. முட்டாம, தடுமாறாம வந்தது. அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு என் முன்னாடி ஒருத்தர் வந்து நின்னது அன்னைக்குத்தாங்க.

சிரிச்சேன். ஈரத்துல உக்காந்துட்டுச் சிரிச்சேன். பாப்பாவும் எதுக்குன்னு தெரியாமச் சிரிச்சுது.

அதுக்கப்புறம் அதுதான் பேரு. தறி ஓடற வரைக்கும் எனக்கு ஒரு பயமும் இல்லை. 'வாடா, சோறு வெச்சாச்சு தின்னு. ரசஞ்சோறுதான், உனக்கென்ன கறி வேணுமா? அங்கே போகாதடா, அடுப்பு இருக்கு. எங்கடா போயிட்டு வர்றே இவ்வளவு நேரம்? எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?' எல்லாமே பேர் சொல்லித்தான். ஒரு பேச்சுக்கு ரெண்டு தடவை சொல்லுவேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தணும், கத்துவேன். இந்தத் தொண்டையில அவ்வளவு சத்தம் இருந்தது எனக்கே தெரியாதுங்க. தம்பி வீட்டு விசேசத்தைக்கூட அதுகிட்டத்தான் கேட்டேன். 'மறந்துட்டியாடா? எப்படிடா மறந்தே?' அது தலையைச் சாய்ச்சுக் கேட்டுட்டு நின்னுச்சு.

விளையாட்டுக்குத்தானுங்க. அவர் மேல எனக்கொண்ணும் இல்லை.

பாப்பாவுக்கு அப்ப ஒண்ணு ரெண்டு வார்த்தைதான். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல அவங்க அப்பாவைப் பார்த்து, பேரைச் சொல்லி, 'உக்காரு'ன்னுச்சு. எனக்கு அடுப்படியில உயிரே நின்னு போச்சு. அத்தை, 'ஐயோ, அப்பன் பேரைச் சொல்லுது பாரு என் தங்கம்! எம் மகனையே அதட்டுது பாரு!'ன்னு கொஞ்சினாங்க. அவர் பாப்பாவைத் தூக்கித் தோள்ல வெச்சுட்டு லைன் பூராவும் காட்டிட்டு வந்தார். யாருக்கும் தெரியலை. சொல்லிக் கொடுத்தது யாருன்னு ஒருத்தரும் கேட்கலை. மூலையில படுத்திருந்த நாய் மட்டும் பாப்பா சொன்னதும் உக்காந்துச்சு.

கரண்ட் போற நாள்தான் கஷ்டம். சத்தம் நின்னுரும், ஆளுங்க வீட்டுக்கு வந்துருவாங்க, என் வாயும் நின்னுரும். அது என்னைத் தேடும். மூக்கைத் தூக்கித் தூக்கித் தேடிட்டுச் சுவத்துல முட்டும். நான் பக்கத்துலயே நிப்பேன். கூப்பிட மாட்டேன். மத்தவங்க ஆஸ்கர் ஆஸ்கர்னு விசிலடிச்சுக் கூப்பிடுவாங்க, அது திரும்பாது.

இப்பச் சொல்லுங்க, அதுக்கா காது கேட்காது? தறிக்குப் பக்கத்துலயே இருந்த நாயாச்சுங்களே. கை தட்டினா, தட்டைத் தட்டினா அதுக்கு அது ஒரு சத்தமே இல்லை. ஒரே ஒரு பேருக்குத்தான் திரும்பும்.

அப்புறம் மேடம் போட்டோ எடுக்க வந்தாங்க. அவர் இஸ்திரி போட்ட சட்டையோட நாயைப் புடிச்சுட்டு நின்னார். நான் பாப்பாவை இடுப்புல வெச்சுட்டு நின்னேன். 'நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்றீங்களா, வெளிச்சம் மறைக்குது'ன்னாங்க மேடம். நகர்ந்துட்டேன். எனக்கும் போட்டோன்னாக் கூச்சம்தான். போன்ல அதைப் போட்டு, 'ஒரு தறித் தொழிலாளியின் பெரிய மனசு'ன்னு எழுதியிருந்தாங்களாம். ஷெட்டுல எல்லாரும் இவருக்குக் கை கொடுத்தாங்களாம். ரொம்பச் சந்தோசமா இருந்தார். அன்னைக்கு எனக்குப் பரோட்டா வாங்கிட்டு வந்தார்.

அதைப் பார்த்துட்டுத்தான் கோயமுத்தூர்க்காரங்க நாயை வளர்க்கக் கேட்டிருக்காங்க. பாப்பாவுக்குத் தடுப்பூசி போட நான் ஆஸ்பத்திரி போயிருந்தேன். அன்னைக்குன்னு பார்த்து இவர், 'மெதுவாப் போயிட்டு வா, அவசரமில்லை, நான் வேலைக்குப் போகலை, நாயைப் பார்த்துக்கறேன்'னார். ஆச்சரியமா இருந்தது. திரும்பி வந்து பார்த்தா நாய் இல்லை. ஆணியில மாட்டியிருந்த கயிறு இல்லை. இவர் அதே இஸ்திரிச் சட்டையில உக்காந்திருக்கார். 'மேடம் வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க, நான் என்ன பண்றது'ன்னார். அவரும் பாவம் என்ன பண்ணுவார்? மேடம்தான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். நான் கஞ்சி வெச்சுட்டுப் போயிருந்தேன். அது அப்படியே ஏடு படிஞ்சு கிடந்தது.

என்ன பார்க்கறீங்க?

யாரு? மேடம் தானா வரலையா? எங்க வீட்டுக்காரர்தான் போன் பண்ணினாரா?

'எங்க வீட்டுல அவ ரொம்பக் கஷ்டப்படறா மேடம், கடிக்க வேற கடிச்சுருச்சு, எடுத்துட்டுப் போயிருங்க'ன்னு... அவர் சொன்னாரா? நீங்க பக்கத்துல இருந்தீங்களா அப்ப?

சரி.

என் மேல இருக்கிற அக்கறையில சொல்லியிருப்பார்.

நான் கஷ்டப்படறேன்னு சொன்னாராக்கும். இதே படியில வாடின பூவோட நான் உக்காந்திருந்தப்ப என் கஷ்டம் தெரியலை அவருக்கு.

விடுங்க. மணி என்ன ஆகுது? டாக்டர் எப்ப ஊசி போடுவார்?

என்னங்க பண்ணச் சொல்றீங்க, போன்லயா? இங்கேருந்தே கூப்பிடணுமா? டாக்டர் அங்கே கூண்டுகிட்டப் போனைப் புடிச்சுக்குவார்... படமும் தெரியுமா? கொண்டாங்க.

ஐயோ. அதுவா? இப்படியா எலும்பு தெரியும்? சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கு பாருங்க. என் வீட்டுல ஒரு நாளும் அது சுவத்தைப் பார்த்துப் படுத்ததில்லை.

இருங்க. மெதுவா ஒரு தடவை. 'சாமி... தங்கம்... இந்தாடா, நாந்தான்.' ம்ஹும். அப்படியெல்லாம் நான் அதைக் கூப்பிட்டதே இல்லை, அதுக்கெப்படித் தெரியும்? டாக்டர் என்ன சொல்றார்? 'பார்த்தீங்களா, காது கேட்கலை'ன்னு சொல்றாரா? அவசரப்பட வேண்டாம்னு சொல்லுங்க. ஒரு நிமிசம்.

நான் உங்க காதுல சொல்றேன், நீங்க கூப்பிடறீங்களா? ரேசன் கடையில எனக்காகப் பக்கத்துல நிக்கறவங்கதானே சொல்லுவாங்க... இல்லை. வேண்டாம். உங்க குரல் வேற. வராது. மெதுவாச் சொன்னாலும் வராது. கத்திக் கத்தியே பழக்கிட்டேன்.

இன்னைக்குப் பார்த்துக் கரண்ட் இல்லை பாருங்க. ஒரு ஊசி விழுந்தாக் கேட்கும் இந்த லைன்ல. அத்தை கீரையை நிறுத்திட்டாங்க, இங்கேதான் பார்க்கறாங்க. அவர் இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கார். பேரைச் சொன்னா ஆயுசு குறையும்பாங்க. இத்தனை நாள் சொல்லியிருக்கேன், நல்லாத்தான் குறட்டை விடறார்.

போனைக் கிட்டக் கொண்டாங்க. இன்னும் கிட்ட.

டேய் பூபதி!

பூபதீ! எங்கடா படுத்திருக்கே? எந்திரிடா! எந்திரிச்சு வாடா இங்கே! கூப்பிடறது கேட்கலையாடா உனக்கு? பூபதீ!

காது. காதைப் பாருங்க! ரெண்டும் தூக்கிருச்சு. எந்திரிக்குது, எந்திரிக்குது... வாடா, வாடா என் ராசா, நாந்தான். டாக்டர் சார், பார்த்தீங்களா? வாலைப் பாருங்க சார். போனை நக்குது. ஊசியைத் தூக்கி உள்ளே வையுங்க சார்.

நீங்க எதுக்குங்க அழறீங்க? கிளம்புங்க, முதல்ல அங்கே போங்க. ரசஞ்சோறு கொடுங்க. இங்கே கொண்டாருங்கன்னு நான் சொல்ல முடியாது, இனி என் நிலைமையே எப்படின்னு தெரியாது. யார்கிட்ட வேணா கொடுங்க. ஆனாக் கொடுக்கறப்ப இந்தப் பேரைச் சொல்லிக் கொடுங்க. ஆஸ்கர்னு கூப்பிட்டா வராது. எத்தனை பெரிய பங்களாவா இருந்தாலும் வராது.

அத்தை எந்திரிச்சுட்டாங்க, மடியிலிருந்த கீரையெல்லாம் கீழே கொட்டுது. எல்லா வாசல்லயும் தலை தெரியுது. கட்டில் சத்தம் கேட்குது. நீங்க போங்க. போறப்ப இந்தக் கதவைச் சாத்தாதீங்க, திறந்தே இருக்கட்டும்.

எந்திரிச்சு வந்துட்டீங்களா?

உங்களை இல்லீங்க. நாயைத்தான் கூப்பிட்டேன்.